ஏழு பாகைக்குக் கீழே

கால் எட்டியது. எட்டாது என்றுதான் மங்கையர்க்கரசி நினைத்திருந்தாள். எட்டாவிட்டால் இறங்கி உள்ளே போய்விடலாம், தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு யன்னலடியில் இருந்து, காரை ஏற்றிப்போகப் பதினொரு மணிக்கு வரும் ட்ரக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று, தனக்கொரு வழியை விட்டுவைத்துத்தான் கராஜுக்குள் வந்திருந்தாள். கணவர் கடாட்சம் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அவள் ஐந்தடி, அதுவும் சப்பாத்தோடு. அவருடைய இருக்கையில் இருந்தால் தன் கால்கள் அந்தரத்தில் ஆடும் என்று எதிர்பார்த்தவளுடைய வலது பாதம் தானாகப் போய்ப் பிரேக்கின் மேல் அமர்ந்தது. இருக்கை முன்னுக்கு வந்திருந்தது. உயர்ந்தும் இருந்தது. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் அவள் கண்ணுக்கென்றே குனிந்திருந்தன. கதவோரம் 1, 2 என்று இரண்டு சிறு பொத்தான்கள். இரண்டாவதில் ஒரு வெளிச்சப் புள்ளி. ஒன்று அவருடையது. அப்படியானால் இரண்டு? இந்தக் காரில் அவள் ஒருநாளும் ஏறியதில்லை. மூன்று கோடைகள் அவர் கேட்க, மூன்று கோடைகளும் ஏறாதவள். ஆடி மாதத்தில் ஒருநாள் அவர் அவளுடைய பழைய சாம்பல் காரின் கதவைத் திறந்துவைத்து, அளவுநாடாவோடு குந்தியிருந்தது ஞாபகம் வந்தது. "என்னத்தை அளக்கிறியள்?" "சும்மா. ஒண்டுமில்லை." இருக்கையிலிருந்து பிரேக்குக்கு எத்தனை அங்குலம், கண்ணிலிருந்து கண்ணாடிக்கு எத்தனை அங்குலம் என்று ஒரு மனிதர் சும்மா அளந்திருக்கிறார். அவள் பொத்தான்களைத் தொடவில்லை. தொட்டால் ஏதாவது அழிந்துவிடும் போலிருந்தது. பக்கத்து இருக்கையைப் பார்க்காமல், அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பாமலே, இயந்திரத்தை உயிர்ப்பித்தாள். கராஜ் முழுவதும் நெஞ்சுக்கூடு போல அதிர்ந்தது. ஐந்து சனிக்கிழமைகளுக்கு முன்னர் அந்தப் பக்கத்து இருக்கையில்தான், தலையைக் கண்ணாடியில் சாய்த்தபடி, கடாட்சம் இறந்துபோயிருந்தார்.

மணி எட்டேகால். வெளியே கழித்தல் நான்கு பாகை என்று காரே சொன்னது, நீல எழுத்தில், பக்கத்தில் ஒரு குட்டிப் பனிப்பூவையும் போட்டு. ஏழு பாகைக்குக் கீழே இந்தக் காரை எடுக்கக்கூடாது. இதை அவர் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! இருபத்தெட்டு வருடம் பிளாஸ்டிக் வார்க்கும் தொழிற்சாலையில் அச்சு இயந்திரத்தின் முன்னால் நின்றவர். எந்தப் பொருள் எந்தச் சூட்டில் இளகும், எந்தக் குளிரில் இறுகும் என்பது அவருக்கு வீட்டுக் கதை. "உது கோடை டயர், மங்கை. சூட்டிலைதான் றோட்டைப் பிடிக்கும். ஏழு பாகைக்குக் கீழை போனால் ரப்பர் கல்லாப் போயிடும். பார்க்க டயர் மாதிரித்தான் இருக்கும், ஆனால் பிடிக்காது." அவள் "ம்" என்பாள். கேட்காததுபோலக் கறியைப் பிசைவாள். கேட்டிருக்கிறாள், ஒரு சொல் சிந்தாமல் கேட்டிருக்கிறாள் என்பது இன்றைக்குத்தான் அவளுக்கே தெரிகிறது. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி கடைசியில் அவரே டயரை மாற்றி, துணியால் போர்த்து, பற்றரி இறங்காமல் இருக்க ஒரு வயரைக் கொளுவி, பச்சைக் குழந்தையைப் படுக்கவைப்பதுபோலப் படுக்கவைப்பார். இந்த வருடம் வயரைக் கொளுவினார். டயரை மாற்ற அவர் இருக்கவில்லை. பிறகு செத்தவீட்டுத் துடக்கு. முப்பத்தொரு நாளும் அந்தக் காரில் ஒருவரும் கைவைக்கவில்லை. செத்தவர் இருந்த கார், அந்தியேட்டிக் கிரியை முடியட்டும் என்றார்கள். முடிந்தபோது கார்த்திகை பிறந்து, முற்றத்துத் தண்ணீர்க் குழாய்கள் உறைந்துவிட்டன. சுவரோரத்தில் அந்த வயரின் பச்சை வெளிச்சம் மட்டும் முப்பத்தைந்து நாளும், இன்று காலை அவள் அதைக் கழற்றும்வரை, சிமிட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் அழாதது அதொன்றுதான்.

மகன் ஆரூரன் திட்டமாகச் சொல்லியிருந்தான். "அம்மா, சனிக்கிழமை பதினொரு மணிக்கு ட்ரக்கோடை வாறன். ஏத்திக்கொண்டு போய் ஃப்ரெண்டின்ரை கராஜிலை விடுவம். வசந்தத்திலை விப்பம். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. திறப்பை மாத்திரம் தந்தால் சரி." ஒன்றும் செய்யத் தேவையில்லை. சரிதான். பத்து மணிக்குப் போயிருந்தால் வெயில் ஏறித் தார் கொஞ்சம் சூடாகியிருக்கும். ஆனால் சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம். கடையில் தந்த நாட்காட்டியை இரவே பார்த்து வைத்திருந்தாள். புவியியல் படித்துப் பட்டம் வாங்கியவள், கிரகணம் ஏன் வருகிறது என்று யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தோடம்பழத்தையும் பந்தையும் வைத்து விளங்கப்படுத்தியவள், கல்லாய்ப்போன நாலு டயர்களை நம்பினாலும் நம்பலாம், ராகுவை நம்பக்கூடாது என்று எட்டேகாலுக்கே இறங்கிவிட்டாள். நினைக்கச் சிரிப்பு வந்தது. கடாட்சம் இருந்திருந்தால் சிரித்திருப்பார். இல்லை, சிரித்திருக்க மாட்டார், ஏழு பாகை என்பார். தெருவின் முடிவில், பிரிம்லி வீதிக்குத் திரும்பும் இடத்தில், அவள் சாம்பல் காரைத் திருப்புவதுபோல் திருப்பிக் கொஞ்சம் மிதித்தாள். கொஞ்சம்தான். காரின் பின்பகுதி அவளைக் கேளாமல் வெளியே போனது. வழுக்கியதென்றுகூடச் சொல்ல முடியாது. பிடித்திருந்த கையை யாரோ விட்டதுபோல் இருந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று படபடவென்று கண்ணடித்தது, தெருவோர மரங்கள் கண்ணாடியில் பக்கவாட்டில் ஓடின, அவள் காலை எடுத்தாள், கார் ஒரு தடவை தலையை உதறிவிட்டு நேரானது. எந்தச் சில்லு? பின்வலது. அதுதான். அதுவேதான். தேசிக்காய் நசியாத சில்லு.

கார் வாங்கிய அன்று அவர் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். தனியாகத்தான் போனார், அவள் தலையிடி என்று படுத்துக்கொண்டாள். ஐயர் நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்து, கார் உருண்டபோது மூன்று நசிந்திருக்கின்றன. நாலாவது உருண்டு ஓடிப்போய்ச் செருப்புகளுக்குள் கிடந்ததாம். அதை எடுத்து வந்து குசினி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவளுக்கென்ன தெரியும்? வெட்டி மீன் சொதிக்குள் பிழிந்துவிட்டாள். "ஐயோ மங்கை, அது நாலாவது டயருக்கு வைச்ச தேசிக்காயல்லோ!" என்று துவாயோடு வந்து நின்றார். பிறகு சொதியை ஊற்றி இரண்டு கோப்பை சாப்பிட்டுவிட்டு, "சரி. அப்ப மூண்டு டயரைச் சாமி பார்க்கும். ஒரு டயர் உம்மடை பொறுப்பு" என்றார். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததைக் காட்டவில்லை. என்ன காட்டினாள்? முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அறுபத்திநாலு வயசிலை சிவப்புக் கார். இளந்தாரி எண்டு நினைப்பு" என்றாள். கோயில் வாசலில் அந்தக் கார் உறுமிக்கொண்டு வந்து நிற்கும்போது சனம் திரும்பிப் பார்ப்பது அவளுக்குத் தாங்காது. அவள் வேறு காரில் வந்து வேறு வாசலால் இறங்குவாள். ஒரு தடவை யாரோ ஒரு பெண், "உங்கடை அவர் கலக்கிறார், அக்கா" என்று சிரித்தபோது, "எனக்குத் தெரியாது, ஆரோ கார்க் கடையிலை நிக்கிற ஆள் மாதிரி இருக்கு" என்றாள். அவருக்குக் கேட்கிற தூரத்தில்தான் சொன்னாள். அவர் அர்ச்சனைத் தட்டைப் பிடித்தபடி கேளாதவர்போல நின்றார். அவளும் கேளாதவள்போல நிற்கத் தெரிந்தவள்தான். இரண்டு பேரும் மற்றவர் சொல்வது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கேளாதவர்போல நாற்பது வருடம் நின்றிருக்கிறார்கள்.

லோரன்ஸ் வீதிச் சிவப்பு விளக்கில் நூறு அடிக்கு முன்னரே காலை எடுத்து, கார் தானாக ஓய்ந்து நிற்கும்படி விட்டாள். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும். பக்கத்தில் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள்: நரைத்த கொண்டை, தடித்த கம்பளிக் குளிரங்கி, நெற்றியில் விபூதி, கீழே நெருப்பு நிறத்தில் கார். பார்க்கட்டும். இப்போது பார்த்தால் என்ன? அன்றைக்கும் பார்த்தால் என்ன வந்திருக்கும்? அன்றைக்கு. நினைக்கக்கூடாதென்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த சாமான் அது. முன் விளக்குக்கு முன்னால் வந்து நின்றது. அன்றைக்குப் பதினாறு பாகை. குசினி வாசலில் வந்து நின்றார், நீல ஸ்வெற்றரும் தொப்பியுமாக. "இஞ்சாரும், மங்கை. இண்டைக்குப் பதினாறு பாகை. இனி இப்பிடி ஒரு நாள் இந்த வருசம் வராது. வாருமன், ஏரி வரைக்கும் போட்டு வருவம். அரை மணித்தியாலம்." அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. மற்ற நாட்களில் "எனக்கு வேலை இருக்கு" என்பாள். அதுதான் வழமை, அவருக்கும் அது பழகிப்போனது, தனியே ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார். அன்றைக்கு ஏனோ நீராவி முகத்தில் அடித்தது, விவாதிக்கப் பஞ்சியாக இருந்தது, ஆளை வாசலிலிருந்து அகற்றினால் போதுமென்றிருந்தது. "போய் இருங்கோ, வாறன்" என்றாள். மூன்று கோடையில் முதல் தடவையாக. படியில் இறங்கும் சத்தம் கேட்டது, இரண்டு இரண்டு படியாக. அறுபத்தேழு வயது. பிறகு ரெலிபோன் அடித்தது. ஐந்து தடவை அடித்தது, விட்டிருக்கலாம். லண்டனிலிருந்து அக்கா. கலியாணவீட்டுச் சேலை மாம்பழ மஞ்சளோ குங்கும நிறமோ என்று கதைத்தார்கள், யாரோ ஒருத்தியின் கொண்டையைப் பற்றிக் கதைத்தார்கள், சிரித்தார்கள். வைத்துவிட்டுத் தலை வாரினாள். அவள் கராஜ் கதவைத் திறந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

தலை ஏன் வாரினாள்? இந்த ஒரு கேள்வியில்தான் முப்பத்தைந்து நாளாக அவள் மனம் முள்ளில் பட்ட சேலைபோல மாட்டிக்கொண்டிருக்கிறது. போவதற்காக வாரினாளென்றால் அவள் சொன்னது பொய் இல்லை. பிந்தியது மட்டும்தான் பிழை. போகும் எண்ணம் இல்லாமல், பின்னேரக் கோயிலுக்காக வாரினாளென்றால், அவர் ஒரு பொய்க்காக அங்கே இருந்திருக்கிறார். சீப்பு கையிலிருந்தது ஞாபகம் இருக்கிறது. கண்ணாடியில் முகம் ஞாபகம் இருக்கிறது. அந்த முகம் என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்பது மட்டும் வருகுதில்லை. வைத்தியர் கையைப் பிடித்து, "சட்டென்று நடந்திருக்கும், வேதனை இருந்திராது" என்றார். சட்டென்று, எப்போது? முதலாவது நிமிடத்திலா, முப்பத்தொன்பதாவதிலா? அவர் கூப்பிட்டதையோ தான் சொன்னதையோ அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏன் பக்கத்து இருக்கையில் இருந்தார் என்று பொலீஸ்காரர் கேட்டபோது, "முன் டிராயருக்குள்ளை ஏதோ தேடியிருப்பார்" என்று ஆரூரன் சொன்னான். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவளும். இன்று காலை பிரேக்கில் கால் எட்டும்வரைக்கும். ஒன்றும் தேடவில்லை, தம்பி. உன் அப்பா இரண்டாம் பொத்தானை அமத்தி, இருக்கை ஊர்ந்து வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்து, சுற்றிப் போய் மற்றப் பக்கம் ஏறி இருந்தவர். நான் கார் ஓடுவன் எண்டு. நான் சொன்னதை நம்பி.

எக்லின்ரன் வீதி கடந்தது, சென்கிளயர் கடந்தது. அவள் ஓடிக்கொண்டுதான் இருந்தாள். கை ஓடியது, கால் ஓடியது. வீதியில் உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கோடுகள். ஒவ்வொரு விளக்கிலும் பச்சை விழும்போது கார் முன்னுக்குப் பாயத் துடித்தது, பின்சில்லுகள் ஒரு கணம் சும்மா சுழன்று பிறகு பிடித்தன. நானூறு குதிரை என்பார் அவர். நானூறு குதிரைக்கும் லாடம் இல்லை இன்றைக்கு. கிங்ஸ்ரன் வீதியைக் கடக்கும்போது தார் முடிகிற இடத்தில் வானம் வெளித்திருந்தது, கீழே ஏரி என்று தெரிந்தது. இங்கே பிரிம்லி வீதி செங்குத்தாக இறங்கும். இரண்டு பக்கமும் களிமண் சுவர். பனியாறு உருகிய காலத்தில் படிந்த மண் இது, அவள் அறிவாள். இந்தச் சுவருக்குள்ளிருந்து வருடம் முழுதும் தண்ணீர் கசியும், குளிரில் அது வீதியின் குறுக்கே கண்ணாடியாகப் படியும், அதையும் அறிவாள். திரும்பலாம். திரும்புவதற்கு அகலமான இடம் இருந்தது. பதினொரு மணிக்கு ட்ரக்கில் ஏறிப் போகிற கார் ஏரியைப் பார்த்தாலென்ன பார்க்காவிட்டாலென்ன? அவள் நிறுத்தி, கையுறையைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை வெறுங்கையால் பிடித்தாள். தோல் உறையின் இரண்டு இடம் மெருகேறி வழவழத்திருந்தது. அவருடைய கை இருந்த இடம். அவளுடைய கைக்கு அது எட்டவில்லை, கொஞ்சம் கீழேதான் பிடிக்கவேண்டியிருந்தது.

"மலை இறங்கேக்கை பிரேக்கை மிதியாதையும். கியரைக் குறையும். கார் தானாத் தன்னைப் பிடிக்கும்." எப்போது சொன்னார்? புட்டு அவித்த ஒரு காலையில். அவள் புட்டுக்குழலைத் தட்டிக்கொண்டிருந்தாள். இடதுகை விரலால் ஸ்டியரிங்கின் பின்னாலிருந்த கியர் இதழை ஒருமுறை தட்டினாள், இன்னொருமுறை. இயந்திரம் தொண்டையைச் செருமி, காரை இழுத்துப் பிடித்தது. இறங்கினாள். ஆள் நடக்கிற வேகம். முதல் வளைவு போனது. இரண்டாவது வளைவுக்கு முன்னால் வீதியின் குறுக்கே ஒரு மினுக்கம், நெய் கொட்டியதுபோல. கண்டாள், கண்டதும் கால் தன்பாட்டில் பிரேக்கை மிதித்துவிட்டது. மிதியில் யாரோ கீழிருந்து படபடவென்று தட்டினார்கள், கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினாள், அது பொம்மைக் காரின் ஸ்டியரிங்போல இலேசாகத் திரும்பியது, கார் நேரே போனது. சத்தமே இல்லை. களிமண் சுவர் மிகவும் ஆறுதலாகக் கிட்ட வந்தது. இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தாள். சட்டென்று என்று வைத்தியர் சொன்னது இவ்வளவு ஆறுதலாகத்தான் வருமோ? அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது ஏரியோ மரணமோ அல்ல, ஒரு சோடி வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. கனடாவில் முதல் மாரி. கொழும்பில் வாங்கிய சப்பாத்தோடு இரண்டு பேரும் பஸ்தரிப்புக்கு நடக்கிறார்கள், கீழே கறுப்புக் கண்ணாடிப் பனி, ஓர் அடி வைத்தால் இரண்டு அடி போகிறது. அவர் அவளுடைய கையைப் பிடிக்கிறார். நடுத்தெருவில், பகல் வெளிச்சத்தில், கலியாணமாகி ஐந்து வருடத்தில் முதல் தடவையாக. "ஆக்கள் பார்க்கினம்" என்கிறாள் அவள். "பார்க்கட்டும், விழுந்தாச் சேர்ந்து விழுவம்" என்கிறார். இரண்டு பேரும் சேர்ந்துதான் விழுந்தார்கள். பனியில் இருந்தபடியே சிரித்தார்கள். பஸ் வந்து, நின்று, போய்விட்டது. அவள் பிரேக்கை விட்டாள். விட்டதும் முன்சில்லு எதையோ, ஒரு துண்டு வெறுந்தாரை, பிடித்துக்கொண்டது. கார் அரை அடி இடைவெளியில் சுவரைத் தடவுவதுபோலத் திரும்பி, வீதிக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோல இறங்கியது. பின்வலது சில்லும் பிடித்தது. அது என்ரை பொறுப்பு, என்று வாய்விட்டுச் சொன்னாள், காருக்குள் ஒருவரும் இல்லாமல்.

ஏரியடியில் வாகனத் தரிப்பிடம் வெறுமையாகக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு வாத்துகள் கோடு போட்ட இடங்களில் சட்டப்படி நின்றன. ஏரி சாம்பல் நிறம். கரையோரம் மட்டும் மெல்லிய பனித்தட்டுகள் ஒன்றோடொன்று உரசி, தூரத்தில் யாரோ கோப்பை கழுவுவதுபோலச் சத்தமிட்டன. நிறுத்தினாள். ஏரி வந்திட்டுது, இஞ்சாருங்கோ. அவ்வளவுதான். அரை மணித்தியாலம் எண்டு சொன்னீங்கள், ஊர்ந்து வந்ததிலை முக்கால் ஆயிட்டுது. கைப்பைக்குள் ரெலிபோன் அடித்தது. ஒன்பது மணி; ஆரூரன் நாள்தோறும் இந்த நேரம் எடுப்பான்.

"அம்மா, பிரஷர் குளிசை போட்டனீங்களோ?"

"ஓம். நான் ஏரியடியிலை நிக்கிறன்."

"ஏரியோ? இந்தக் குளிருக்கையோ? எதிலை போனனீங்கள்?"

"அப்பான்ரை காரிலை."

அந்தப் பக்கம் ஒரு கதிரை இழுபட்டது. "அம்மா, உங்களுக்கென்ன விசரே? அது சமர் டயர்! எத்தினை தரம் சொன்னனான்! அந்த மலையாலையோ இறங்கினனீங்கள்? ஐயோ, கடவுளே. காயம் கீயம் ஒண்டுமில்லையே?"

"ஒண்டுமில்லை. வாத்துகள்தான் நிக்குது."

"பகிடி விடாதேங்கோ. அசையாதேங்கோ. அந்த மலையிலை திருப்பி ஏறப் பார்க்காதேங்கோ, ஏறாது, பின்னாலை வழுக்கும். நான் ட்ரக்கை அங்கையே கொண்டு வாறன். ஒரு நாப்பது நிமிசம் பிடிக்கும். காருக்குள்ளையே இருங்கோ. விளங்குதோ? இருங்கோ, வாறன்."

அவள் ரெலிபோனை மடியில் வைத்தாள். அவனுக்குத் தெரியாது, தான் என்ன சொன்னான் என்று. பிறகு இயந்திரத்தை நிறுத்தினாள், சூடு நின்றது. கதவைத் திறந்து, குளிர் முகத்தில் அறைய, காரின் மூக்கைப் பிடித்துப் பிடித்துச் சுற்றிப் போய், மற்றக் கதவைத் திறந்து, முப்பத்தைந்து நாளாகப் பார்க்காத இருக்கையில் ஏறி இருந்தாள். கதவைச் சாத்தினாள். அது ஓர் இருக்கைதான். இடுப்பை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்தது. அவருடைய வாசம் இல்லை. தோலும் குளிரும்தான் மணத்தன. முதலில் நேரத்தைப் பார்க்கவில்லை, பிறகு பார்த்தாள்: ஒன்பது ஆறு. இவ்வளவு நேரம் இருந்தும் ஒன்பது ஆறு. கராஜில் இந்த இடத்தில் இருந்தால் கண்ணுக்கு என்ன தெரியும்? வீட்டுக்குள் போகும் கதவு. அதன் கீழே குசினி வெளிச்சத்தின் ஒரு கீற்று. அவள் நடந்தால் அந்தக் கீற்றில் நிழல் விழும். சுவருக்கு அந்தப் பக்கம் குசினி. ரெலிபோன் அடித்தது கேட்டிருக்கும். அவள் சிரித்தது கேட்டிருக்கும். மங்கை கதைக்கிறாள், கதைச்சு முடியட்டும் என்று நினைத்திருப்பார். கோபித்திருப்பாரா? நாற்பது வருடத்தில் அவர் கோபித்தது விரலில் எண்ணலாம். வார்த்தது ஆறும்வரை அச்சைத் திறக்கக்கூடாது, திறந்தால் பொருள் கோணிவிடும் என்று சொல்லிக்கொண்டு ஆயுள் முழுதும் இயந்திரத்தின் முன்னால் காத்திருந்தவர். அவருக்குக் காத்திருக்கத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது. விரல் நுனி விறைத்தது. ஒன்பது பதினாலு. கண்ணாடியில் அவளுடைய மூச்சுப் படிந்து, ஏரி மறைந்து, வெள்ளையாயிற்று. அவள் தலையைச் சாய்த்தாள், கண்ணாடியில், அவர் சாய்த்த இடத்தில். சில்லென்று இருந்தது, நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்க்கிற கைபோல. ஒன்பது இருபது. இதுவரைக்கும் உயிரோடு இருந்தீங்களா? இதுவரைக்கும்? ஒவ்வொரு நிமிடமும் அவள் ஒரு கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள், ஒவ்வொன்றிலும் அவர் தொப்பியோடு இருந்தார், வெளிச்சக் கீற்றைப் பார்த்துக்கொண்டு. சந்தோசமாக இருந்தாரென்று அவளுக்குத் திடீரென்று தோன்றியது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கோபத்தோடு இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். வாறன் என்று சொல்லியிருக்கிறாள், வருவாள் என்று, முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டு, நாற்பது நிமிடமும். அல்லது ஒரு நிமிடம். சீப்பும் கையுமாக நின்ற பெண்ணின் முகம் மறுபடி வந்தது. அது இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. இனி ஒருபோதும் சொல்லாது என்று விளங்கியது. அழுகை அப்போதுதான் வந்தது. செத்தவீட்டில் ஆக்களோடு சேர்ந்து அழுதது வேறு. இது தொண்டையிலிருந்து அல்ல, கீழே எங்கோ இறுகிக்கிடந்த இடத்திலிருந்து, துண்டு துண்டாகக் கழன்று வந்தது.

ட்ரக்கின் மஞ்சள் விளக்கு பனிபடிந்த கண்ணாடியில் சுழன்றபோது மணி ஒன்பது நாற்பத்தொன்று. வாறன் என்றவன் வந்துவிட்டான். வாத்துகள் கத்திக்கொண்டு விலகின. ஆரூரன் ஓடிவந்து ஓட்டுநர் கதவைத் திறந்து, அங்கே ஆளைக் காணாமல் ஒரு கணம் திகைத்து, மற்றப் பக்கம் அவளைக் கண்டான். அவள் இருந்த இடத்தைக் கண்டதும் அவனுடைய முகத்தில் ஏசுவதற்குக் கொண்டுவந்த சொல்லெல்லாம் நின்றுவிட்டது. "அம்மா, ஏன் இதிலை..." என்றபடி உள்ளே ஏறப் பார்த்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அப்பாவின் உயரம் அவனுக்கு. "இதென்ன, ஆர் இதை இவ்வளவு முன்னுக்கு இழுத்தது? நீங்களோ?"

"நானில்லை. ஒண்டை அமத்து."

"என்ன?"

"அந்தக் கதவிலை ஒண்டு எண்டு இருக்கு. அமத்து."

அமத்தினான். இருக்கை முனகிக்கொண்டு பின்னுக்குப் போனது, மெல்ல, மெல்லக் கீழிறங்கியது, கண்ணாடிகள் தலை நிமிர்த்தின. எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. ஆரூரன் அதில் இருந்தான்; கை தானாகப் போய் அந்த மெருகேறிய இரண்டு இடங்களிலும் பொருந்தியது. வெளியே ட்ரக்கை ஓட்டிவந்தவன் சங்கிலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அம்மா, அந்தாள் பார்த்துக்கொண்டு நிக்குது. இறங்குங்கோ, ஏத்துவம். திறப்பைத் தாங்கோ" என்று கையை நீட்டினான்.

"நிக்கட்டும். கதவைச் சாத்து."

அவன் அவளைப் பார்த்தான். சாத்தினான். ஏரியின் சத்தம் அறுந்தது.

"அண்டைக்கு அப்பா ஒண்டும் தேடேல்லை, தம்பி" என்றாள் அவள், முன் கண்ணாடியின் வெள்ளையைப் பார்த்தபடி. "என்னை ஏரிக்குக் கூப்பிட்டவர். போய் இருங்கோ, வாறன் எண்டு நான்தான் சொன்னனான்."

ஆரூரன் திறப்புக்கு நீட்டிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.